இதயத்துக்கு பெட்-சிடி: படத்தை நம்புவதற்கு முன்

ஸ்கேன் அறைக்குப் புதிதாக வருகிற டெக்னீஷியன்களிடம் நான் முதலில் கொடுப்பது மருத்துவர் எழுதிய சீட்டைத்தான். கேள்வி என்னவென்று தெரியாமல் மெஷினைத் தொடக் கூடாது. சிடி ஆஞ்சியோ, ரத்தக் குழாயில் அடைப்பு எங்கே, எவ்வளவு என்று காட்டும். அந்த அடைப்பால் இதயத் தசைக்கு ரத்தம் குறைகிறதா என்று சொல்வது, கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் பெட் (PET) ஸ்கேன். 60 சதவீத அடைப்பு இருந்தும் ஓட்டம் குறையாதவர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான். ஆஞ்சியோவே சுத்தமாக இருந்தால், பெரும்பாலும் இரண்டாவது ஸ்கேன் வீண் கதிர்வீச்சு.

அடுத்தது காபி. ரத்த ஓட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க, அடினோசின் போன்ற மருந்து கொடுத்து ரத்தக் குழாயை விரியச் செய்வோம். காஃபீன் அந்த மருந்தை வேலை செய்ய விடாது. குறைந்தது 12 மணி நேரம், பல இடங்களில் 24 மணி நேரம் விலக்கச் சொல்வார்கள். "காபி குடித்தீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். டீ, கோலா, சாக்லேட், தலைவலி மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆஸ்துமா உண்டா என்பதையும் மருந்து ஏற்றுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

பெட்டுக்கு ஏற்றும் கதிரியக்கப் பொருள்களில் ஒன்றான ருபீடியம்-82இன் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 76 விநாடிதான். அதனால் ஓய்வுப் படம், மருந்து கொடுத்த படம் இரண்டும் ஒரே அமர்வில் முடிந்துவிடும்.

சரி, இனிதான் பலர் கோட்டை விடும் இடம். சிடி சில விநாடியில் எடுக்கப்படுகிறது. பெட் பல நிமிடம், நோயாளி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே. அதனால் இரண்டிலும் இதயம் ஒரே இடத்தில் இருக்காது. பெட்டில் தெரியும் இதயத்தின் பக்கச் சுவர் சிடியில் நுரையீரல் மேல் விழுந்தால், கணினி அங்கே காற்று இருப்பதாக நினைத்து, உடல் உறிஞ்சிய கதிருக்காகச் செய்யும் திருத்தத்தைக் குறைத்துவிடும். ரத்தம் ஒழுங்காகப் போகும் சுவரில் குறை இருப்பதுபோலத் தெரியும். இல்லாத நோய்க்கு ஒருவரை கேத் லேபுக்கு (ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கும் அறைக்கு) அனுப்பப் பார்ப்போம். ஆகவே மூன்று தளங்களிலும் (மூன்று திசை வெட்டுகளிலும்) பெட்டும் சிடியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மருந்து ஏறியதும் மூச்சு மாறும் என்பதால் அந்தப் படத்தைத் தனியாகச் சரிபாருங்கள். விலகல் இருந்தால் நகர்த்திப் பொருத்தி, படத்தை மறுபடி உருவாக்குங்கள்.

அப்புறம்தான் பெட்டையும் சிடியையும் வண்ணத்தில் ஒட்டிய படம். அது பார்க்க அழகு, எனக்கு அதன்மேல் கொஞ்சம் சந்தேகம் எப்போதும் உண்டு. முதலில் தனித்தனியாகப் பாருங்கள். மருந்து கொடுத்தபோது மட்டும் குறை தெரிந்தால் ரத்தப் பற்றாக்குறை. ஓய்விலும் அதே குறை என்றால் பெரும்பாலும் தழும்பு. பிறகு ஒட்டிய படத்தில் அந்தப் பகுதிக்குப் போகும் குழாய் எது என்று தேடுங்கள்.

இதயத்தின் மூன்று முக்கிய ரத்தக் குழாய்களும் ஒரே அளவில் அடைத்திருந்தால் படம் சீராகவே தெரியலாம். அப்போது ஓட்டத்தின் எண்ணைப் பார்க்க வேண்டும்: மருந்துக்குப் பிறகு ஓட்டம் இரண்டு மடங்குகூட ஏறவில்லை என்றால், படம் நன்றாக இருந்தாலும் மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.