ஊரில் வெட்டுப்பட்டால், சுட்டுக்கொண்டால்

ஊருக்குப் போன மூன்றாம் நாளே என் மருமகள் காலைச் சுட்டுக்கொண்டாள். இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் ஒரு கிறவல் ரோட்டில், சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளிலிருந்து வலப்பக்கமாகக் குதித்து இறங்கினாள். அரைக் காற்சட்டை. சைலன்சர் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பது ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே தெரியும், கனடாவில் மார்க்கம் நகரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அவள் கத்தி முடிப்பதற்குள் ஒரு பெரியம்மா பற்பசையோடும், இன்னொரு பெரியம்மா தேங்காயெண்ணெயோடும், பக்கத்து வீட்டு ஆச்சி முட்டையோடும் வந்து நின்றார்கள். நான் செய்த ஒரே உருப்படியான காரியம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடியதுதான்.

சுட்ட இடத்துக்கு முதல் மருந்து தண்ணீர். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ, 20 நிமிடம் விடாமல் ஓட வேண்டும். இரண்டு நிமிடத்தில் அழுகை நின்றதும் நிறுத்திவிடுகிறோம், அதுதான் பிழை. அடுப்பை அணைத்த பிறகும் தாச்சிச் சட்டியின் சூடு இருப்பதுபோல, தோலுக்குள் போன சூடு உள்ளே எரித்துக்கொண்டே இருக்கும். உடனே செய்ய முடியாமல் போனாலும், சுட்டு 3 மணித்தியாலத்துக்குள் ஊற்றினாலும் பயன் உண்டு. தண்ணீர் தட்டுப்பாடான இடமென்றால் கீழே ஒரு பேசினை வைத்து, விழும் தண்ணீரையே அள்ளி அள்ளி ஊற்றலாம். ஐஸ் வைக்கக் கூடாது, அது தோலை இன்னும் கெடுக்கும். சின்னப் பிள்ளையென்றால் சுட்ட இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைத் துவாயால் போர்த்தி வையுங்கள்.

தண்ணீர் ஊற்றும்போதே மோதிரம், காப்பு, கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் வீங்கிவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். தோலோடு ஒட்டிப்போன துணியை மட்டும் இழுக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பிறகு சாப்பாடு மூடும் மெல்லிய கிளிங் ஃபிலிம் தாளை மேலே தளர்வாகப் போர்த்துங்கள். சுற்றிக் கட்ட வேண்டாம். அந்தத் தாள் இல்லாவிட்டால் சுத்தமான பொலித்தீன் பை போதும். நோவுக்குப் பனடோல் கொடுக்கலாம்.

பெரியம்மாக்களின் விஷயம் தனி. பற்பசை, எண்ணெய், மஞ்சள் எல்லாம் சூட்டை உள்ளே பூட்டி வைக்கும், கிருமிக்கும் வழிவிடும், டொக்டர் காயத்தைப் பார்க்கவும் விடாது. இதையெல்லாம் அந்த நேரத்தில் விளக்கப் போனால் சண்டைதான் மிஞ்சும். "பெரியம்மா, இன்னும் ரெண்டு வாளி அள்ளித் தாங்கோ, பூசுறதைப் பிறகு பாப்பம்" என்றேன். அவரும் அள்ளினார். உதவ வந்த கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் பற்பசையைத் தானாகக் கீழே வைத்துவிடும்.

ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போக வேண்டிய சூடுகள்: பட்டவருடைய உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவைவிடப் பெரியது, முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்டது, மின்சாரத்தால் வந்தது, வெள்ளையாக அல்லது கருகிப்போய் நோவே தெரியாதது. நோவில்லையே என்று ஆறுதல்படாதீர்கள். நரம்பும் எரிந்துவிட்டது என்று அர்த்தம். உடுப்பில் தீப்பிடித்தால் ஓட விடாமல் நிலத்தில் படுக்கவைத்து உருட்டுங்கள், தடித்த பருத்திப் போர்வை கிடைத்தால் மூடுங்கள். விறகடுப்புக்குப் பக்கத்தில் நைலோன் நைட்டியோடு நிற்பது நமக்குப் பழக்கமில்லாத ஆபத்து. வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பு பிள்ளையின் கண்ணில் பட்டால் அதுவும் எரிகாயம்தான். கண்ணைத் திறந்து பிடித்துக் குறைந்தது 20 நிமிடம் தண்ணீர் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இனி இரத்தம். பனைமட்டைக் கருக்கு, முட்கம்பி, திருவலை, கத்தி, வேலிக்கு வெட்டிய தகரம்: காயம் எதுவானாலும் முதலில் செய்வது ஒன்றுதான். சுத்தமான துணியை வைத்து, உள்ளங்கையால் நேரே காயத்தின் மேல் அழுத்துங்கள். கடிகாரம் பார்த்து 10 நிமிடம். நடுவில் துணியைத் தூக்கி நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டாம். நாம் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அப்போதுதான் உறையத் தொடங்கிய இரத்தம் பிய்ந்துவிடுகிறது. துணி நனைந்தால் மேலே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். கோப்பித்தூள், சாம்பல், சிலந்திவலை எதுவும் வேண்டாம். கம்போ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது, அதுவே அடைப்பாக இருக்கும். சுற்றிவர அழுத்தி, அசையாமல் கட்டிக் கொண்டுபோங்கள்.

கையிலோ காலிலோ இரத்தம் பாய்ந்து அடிக்கிறது, அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மட்டும் இறுக்குக் கட்டு. காயத்துக்கு மேலே, உடம்புப் பக்கமாக, மூன்று விரல் அகலம் தள்ளி. முழங்காலிலோ முழங்கையிலோ கட்டக் கூடாது. நான்கு விரல் அகலத்துக்கு மடித்த சாரம் அல்லது சீலைத் துண்டு நல்லது. கயிறும் கம்பியும் சதையை வெட்டும். முடிச்சுக்குள் ஒரு தடியை வைத்து, இரத்தம் நிற்கும்வரை முறுக்கித் தடியைக் கட்டிவிடுங்கள். நன்றாக நோகும், அது வழமைதான். இரத்தம் நிற்பதுதான் சரியாகக் கட்டியிருக்கிறது என்பதன் அடையாளம். கட்டிய நேரத்தைத் தோலிலேயே எழுதுங்கள். இடையில் தளர்த்திவிட வேண்டாம். வன்னியில் இதை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், போர்க்காலத்தில் பதுங்குகுழிக்குள் சீலை கிழித்துக் கட்டியவர்கள் அவர்கள். அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் சும்மா வழிவிடுங்கள்.

இந்த இறுக்குக் கட்டைப் பாம்புக்கடிக்குப் போடவே கூடாது. வெட்டுவதும் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, நேரே ஆஸ்பத்திரி. கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறைவதே கெட்டுப்போகும், அந்த உடம்பில் கீறிய காயத்தில் இரத்தம் நிற்காது.

கடற்கரையில் திருக்கை முள்ளுக் குத்தினால் மருந்து சுடுதண்ணீர். தாங்கக்கூடிய சூட்டில், காயம் படாத காலை முதலில் வைத்துப் பார்த்துவிட்டு, 30 முதல் 90 நிமிடம்வரை. அந்த நஞ்சு சூட்டில் குலைந்துவிடும். முள் துண்டு உள்ளே முறிந்திருக்கலாம் என்பதால் பிறகு டொக்டரிடம் காட்ட வேண்டும். நாய் கடித்தால் காயம் சின்னதோ பெரிதோ சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே விசர்நாய்க்கடி ஊசிக்குப் போங்கள். "எங்கட நாய்தான், ஒண்டும் செய்யாது" என்பது ஊசிக்குப் பதிலாகாது.

முகமாலைப் பக்கம் போகிறவர்கள் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைத் தாண்டி ஓர் அடியும் வைக்க வேண்டாம். கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017இல் சேர்ந்தது, ஆனால் அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. யாராவது உள்ளே அகப்பட்டால் பின்னால் ஓடிப்போகாதீர்கள். நின்ற இடத்தில் நின்றபடி ஆட்களைக் கூப்பிடுங்கள்.

உதவிக்கு 1990. இலவச அம்புலன்ஸ், தமிழிலும் பேசலாம். 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. கூப்பிடும் முன் நிற்கும் இடத்தைச் சொல்லத் தயாராகுங்கள்: சந்தி, பள்ளிக்கூடம், கோயில், எந்த ரோட்டில் திரும்புவது. மாமாவின் பெயரைச் சொன்னால் ஊருக்குத் தெரியும், அம்புலன்ஸ்காரருக்குத் தெரியாது. ரோட்டு முகப்பில் ஒருவரை நிறுத்துங்கள். வெகுதூரம் என்றால் ஹயஸ் வானோ ஓட்டோவோ பிடித்து எதிரே போவதா என்பதை அவர்களிடமே கேட்டு முடிவெடுக்கலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னாரில் மாவட்ட வைத்தியசாலைகள் இருக்கின்றன. பெரிய தீக்காயங்களை அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவும் கூடும். அரசாங்க ஆஸ்பத்திரி என்று தயங்கி, தனியார் இடம் தேடி ஒரு மணித்தியாலம் அலைவதை நான் பார்த்திருக்கிறேன். இரத்தம் ஓடும்போது அந்த அலைச்சல் வேண்டாம்.

புறப்படும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். கடைசி ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டீர்கள் என்று தேடி எடுங்கள். சுத்தமான காயத்துக்கு 10 வருடம் தாண்டியிருந்தால், மண்ணும் சாணியும் பட்ட காயத்துக்கு 5 வருடம் தாண்டியிருந்தால், மறுபடி போட வேண்டும். அடுத்தது, கூட வரும் அம்மா அப்பா இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுக்கிறவர்களா? அப்படியென்றால் சின்ன வெட்டும் நிற்க நேரமெடுக்கும், தலையில் அடிபட்டால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. குளிசையின் பெயரை ஒரு துண்டில் எழுதி அவர்களின் பேர்சிலேயே வைத்துவிடுங்கள். பையில் துணிக்கட்டு நான்கைந்து சுருள், கையுறை, கிளிங் ஃபிலிம், சவர்க்காரம், பனடோல் போதும். கத்தரிக்கோலைக் கையில் கொண்டுபோகும் பையில் வைத்தால் விமானநிலையத்தில் பறிகொடுக்க நேரலாம்.

ஆஸ்பத்திரியில் தரும் துண்டையும் ஊசி அட்டையையும் எறிந்துவிடாமல் கடவுச்சீட்டோடு வையுங்கள். விசர்நாய்க்கடி ஊசி ஒன்றோடு முடிவதில்லை. மிச்சத்தைத் திரும்பி வந்து போடும்போது, எந்தத் திகதியில் எந்த ஊசி போட்டார்கள் என்று இங்குள்ள டொக்டர் அதைப் பார்த்துத்தான் தொடர்வார்.