மலையில் ஓடும் காருக்கு வாஷும் வாக்ஸும்: நீலகிரியில் வீட்டிலேயே செய்யும் முறை

விடிந்ததும் பானட் முழுக்க நீர்ப்பனி பூத்திருக்கும். பழைய பனியன் துணியை எடுத்து இழுத்து ஒரு துடை. கார் பளிச்சென்று ஆகிவிடும். ஊட்டியிலும் குன்னூரிலும் பல கார்களின் பெயின்ட் மங்கிப்போவதற்கு இந்தத் துடைதான் காரணம். முந்தின நாள் ஒட்டிய செம்மண் தூசி அந்தப் பனிநீருக்குள் அப்படியே இருக்கிறது. அதில் உள்ள மணல் துகள் பெயின்டை விடக் கடினம். துணி அதைப் பிடித்துக்கொண்டு வட்டம் வட்டமாகக் கோடு போடும்.

கோடு விழுவது பெரும்பாலும் நிறத்தில் அல்ல, நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற கண்ணாடி போன்ற பூச்சில். கம்பெனியிலிருந்து வரும் காரில் அதன் தடிமன் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான், அதாவது சாதாரண ஏ4 தாளில் பாதி. வெயில்படாமல், மழை நனைக்காமல், எச்சம் அரிக்காமல் நிறத்தைக் காப்பது இவ்வளவுதான். இரவில் டார்ச்சை பானட்டுக்குக் குறுக்காகப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய வளையங்கள் தெரிந்தால், இதுவரை துடைத்ததற்கான கணக்கு அதுதான். ஆகவே பனியைத் துணியால் எடுக்க வேண்டாம். கண்ணாடிக்கு வைப்பர் போதும், பெயின்ட் மேல் இருப்பது தானாகவே காயட்டும்.

நேரம் பார்ப்பதில்தான் மலையில் பாதி வேலை இருக்கிறது. சமவெளியில் அதிகாலையும் மாலையும் நல்ல நேரம் என்பார்கள். ஊட்டியில் இரண்டுமே சரிப்படாது. காலையில் தகடு ஈரத்தை விட்டிருக்காது, நான்கு மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும். காலை 10 மணிக்குத் தொடங்கி 2 மணிக்குள் முடிப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிழல் வேண்டும். காற்று சில்லென்று இருப்பதால் வெயில் உறைக்காதது போல் தோன்றும். 2,200 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் சமவெளியை விட அதிகம், கறுப்பு கார் என்றால் பானட் கை வைக்க முடியாதபடி சுட்டுவிடும். புறங்கையை வைத்துப் பாருங்கள், குளிர்ச்சியாக இருந்தால் மட்டும் ஆரம்பியுங்கள். நிழல் என்றதும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தடியிலோ சைப்ரஸ் அடியிலோ கொண்டுபோய் நிறுத்த வேண்டாம், கழுவி முடிப்பதற்குள் இலையும் பிசினும் விழும். வீட்டுச் சுவர் நிழலே மேல்.

சரிவான வாசல் என்றால் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பள்ளப் பக்கம் சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள். சோப்புத் தண்ணீர் ஓடையில் போய் விழாத இடமாக, புல் தரையாகவோ ஜல்லி போட்ட இடமாகவோ இருக்கட்டும்.

பொருட்கள் அதிகம் தேவையில்லை. 15 லிட்டர் பக்கெட் இரண்டு, கார் ஷாம்பு ஒரு பாட்டில், நீளமான இழை உள்ள மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, சக்கரத்துக்குத் தனியாக ஒரு பழைய ஸ்பாஞ்சும் பிரஷும், ஈரம் உறிஞ்சும் பெரிய மைக்ரோஃபைபர் டவல் ஒன்று, வாக்ஸ் துடைக்கச் சிறிய டவல் நான்கு. பாத்திரம் கழுவும் சோப்போ துணி பவுடரோ வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே செய்தவை அவை, வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். பளபளப்புக்காக மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவுகிற பழக்கமும் சில இடங்களில் உண்டு. இரண்டு நாள் மினுங்கும், பிறகு சாலைத் தூசியெல்லாம் அதில்தான் வந்து ஒட்டும்.

முதலில் சக்கரம்

மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த காரானாலும், கல்லட்டியின் 36 வளைவுகளிலும் இறங்கித் திரும்பிய காரானாலும் அரை மணி நேரமாவது நிறுத்தி ஆறவிடுங்கள். சுட்டுக்கொண்டிருக்கும் பிரேக் டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ள வாய்ப்புண்டு, பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பெடல் நடுங்கும். மலைக் காரின் ரிம்மில் படியும் கறுப்புப் பொடி வெறும் மண் இல்லை. பிரேக் தேய்ந்து வந்த இரும்புத் துகள் அதில் இருக்கிறது. அதனால்தான் ரிம்முக்குப் பயன்படுத்திய ஸ்பாஞ்ச் எக்காரணம் கொண்டும் பாடிக்கு வரக்கூடாது. சக்கரத்தை முதலில் முடிப்பதற்கும் அதுதான் காரணம், கடைசியில் செய்தால் அந்தக் கறுப்புநீர் கழுவின கதவில் தெறிக்கும்.

மட்கார்டின் உள்பக்கத்தில் ஹோஸை விட்டு நன்றாக அடியுங்கள். எஸ்டேட் ரோட்டுச் செம்மண் அங்கே அப்பிக்கொண்டு, மழைக்காலம் முழுக்க ஈரத்தை வைத்திருக்கும். துரு ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்த மடிப்பில்தான்.

பாடி

காய்ந்த மண்ணில் கை வைக்காதீர்கள். மேலிருந்து கீழாக வெறும் தண்ணீரைப் பாய்ச்சி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடி பாய்ச்சுங்கள். பிரஷர் வாஷர் இருந்தால் ஒன்றரை அடி தள்ளிப் பிடியுங்கள், பெயின்ட் உரிந்த இடத்திலும் ஸ்டிக்கர் ஓரத்திலும் நேராக அடிக்காதீர்கள்.

ஒரு பக்கெட்டில் 10 லிட்டர் தண்ணீரும் ஷாம்பும். அளவு பாட்டிலில் போட்டிருக்கும், பல ஷாம்புகளுக்கு 10 லிட்டருக்கு இரண்டு மூன்று மூடி போதும். இன்னொரு பக்கெட்டில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பில் நனைத்து கூரையில் ஆரம்பியுங்கள். ஒரு பேனல் (கதவு, பானட் போன்ற ஒரு பகுதி) முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே திரும்ப ஷாம்புக்குள் விட வேண்டும். நான்கு பேனல் முடிந்த பிறகு அந்த வெறும் தண்ணீர் பக்கெட்டின் அடியைப் பாருங்கள், செம்மண் வண்டலாக நிற்கும். ஒரே பக்கெட்டாக இருந்திருந்தால் அதெல்லாம் மறுபடி பெயின்ட் மேல் போயிருக்கும்.

அழுத்த வேண்டாம், கையுறையின் எடையே போதும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில் இழுங்கள். கூரை, கண்ணாடி, பானட், டிக்கி, கதவின் மேல்பாதி என்ற வரிசையில் வந்து, கதவின் கீழ்ப்பாதியையும் பம்பரையும் கடைசியில் வையுங்கள். மண் அதிகம் இருப்பது அங்கேதான். சோப்பு காய்வதற்குள் ஒவ்வொரு பக்கமாக அலசிவிடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் குன்னூரில் தண்ணீருக்குத் திண்டாட்டம் வருவதுண்டு. அப்போது ரின்ஸ்லெஸ் வாஷ் என்று விற்கும் திரவம் ஒரு பக்கெட் தண்ணீரிலேயே வேலையை முடித்துவிடும், அலசத் தேவையில்லை. வெறும் தூசி படிந்த காருக்கு மட்டும்தான் அது. சேறு அப்பிய காருக்கு ஆகாது.

ஈரத்தை எடுக்க, பெரிய டவலை பானட் மேல் விரித்துப் போட்டு மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். பிறகு கதவு, டிக்கி எல்லாம் திறந்து ஓரத்தைத் துடையுங்கள். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் பல் குத்தும் குச்சியால் எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் வாசலிலேயே மெல்ல ஓட்டி நான்கைந்து முறை பிரேக் மிதித்து டிஸ்க்கைக் காயவையுங்கள். கழுவின கையோடு பர்லியார் பக்கம் இறங்கப் போகிறவர்கள் இதை விடவே கூடாது. மறுநாள் காலை டிஸ்க்கில் ஆரஞ்சு நிறத் துரு மெல்லிசாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், முதல் சில பிரேக்கிலேயே போய்விடும்.

பிசின், எச்சம், பாசி

பறவை எச்சத்தை நகத்தால் சுரண்டக் கூடாது. ஈரத் துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் தானாக இளகி வரும். ஆனால் அன்றன்றே செய்ய வேண்டும். இரண்டு நாள் வெயில் பட்டால் கிளியர் கோட்டில் தழும்பு விழுந்துவிடும்.

பைன், சைப்ரஸ் பிசினுக்கு மெடிக்கலில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, பிறகு துடைத்தெடுங்கள். நீலகிரித் தைலமும் பிசினையும் ஸ்டிக்கர் பசையையும் கரைக்கும், ஊரில் அதற்கா பஞ்சம்! இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் வேண்டாம், உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். ஹெட்லைட் பிளாஸ்டிக்கிலும், ஒர்க்‌ஷாப்பில் மறு பெயின்ட் அடித்த பகுதியிலும் படவிடாதீர்கள். எதைப் போட்டாலும் அந்த இடத்தில் வாக்ஸ் போயிருக்கும், திரும்பப் பூச வேண்டும்.

ஜன்னல் ரப்பர் பீடிங்கில் பச்சையாகப் பாசி படிவது மலைக் கார்களுக்கே உரியது. பழைய பல் பிரஷும் ஷாம்பு நீரும் போதும். அதைவிட முக்கியம், பானட்டைத் திறந்து வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பார்ப்பது. சில்வர் ஓக் இலையும் கற்பூர இலையும் அங்கே மக்கி, தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடும். கார் உள்ளே கால்மிதி நனைகிறது, கண்ணாடி ஓயாமல் புகைகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

வாக்ஸ் போடும் முன்

கழுவிக் காய்ந்த பெயின்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு, மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் கையை விட்டுத் தடவினால் தெரியும். பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ள மாவட்டம், எனவே ஆவின் பால் கவரைக் கழுவி விரலில் மாட்டிக்கொள்ளுங்கள். சொரசொரப்பு இருந்தால் க்ளே பார் வேண்டும், பெயின்டில் ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி அது. ஊட்டிக் குளிரில் அது கல்லாக இறுகிக் கிடக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுத்து, மூன்று விரல் அகலத்துக்குத் தட்டிக்கொள்ளுங்கள். பெயின்டில் ஷாம்பு நீரைத் தாராளமாகத் தெளித்து, க்ளேயை அழுத்தாமல் வழுக்கவிடுங்கள். முகம் அழுக்கானதும் மடித்துப் புது முகம் எடுங்கள். கீழே விழுந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் குப்பைக்குத்தான். ஒட்டிய மணலை எடுக்க வழியில்லை.

பாலிஷையும் வாக்ஸையும் ஒன்று என்று எண்ணி மாற்றி வாங்கிவிடுகிறார்கள். பாலிஷ் கிளியர் கோட்டை நூலளவு தேய்த்து எடுத்துக் கீறலை மறைப்பது. வாக்ஸ் மேலே ஓர் அடுக்கு சேர்ப்பது. முதல்முறை செய்பவர்கள் பெயின்டைத் தேய்த்தெடுக்கும் ரப்பிங் காம்பவுண்டு பக்கமே போக வேண்டாம்.

கர்னாபா வாக்ஸ், செயற்கையாகத் தயாரிக்கும் சிந்தெட்டிக் சீலன்ட் என்று இரண்டு வகை. கர்னாபா பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலை மெழுகு. நல்ல ஆழமான மினுக்கம் தரும், ஆனால் ஓயாத மழையில் ஆறேழு வாரம் தாங்கினால் பெரிது. சீலன்ட் நான்கைந்து மாதம் நிற்கும். வெளியில் நிற்கும் மலைக் காருக்கு சீலன்ட்தான் எங்கள் தேர்வு. செராமிக் கோட்டிங்கை வீட்டில் முயல வேண்டாம். பூசிய பின் ஈரம் படாமல் குறைந்தது ஒரு நாள் மூடின இடத்தில் நிற்க வேண்டும், மஞ்சு (மூடுபனி) இறங்கும் வாசலில் அது நடக்காது.

போடும் விதம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களுக்கு பெயின்டர் டேப் ஒட்டுங்கள், வாக்ஸ் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும். வாக்ஸ் டப்பாவை முந்தின இரவே வீட்டுக்குள் வைத்தால் இளக்கமாக இருக்கும். ஸ்பாஞ்ச் பேடை டப்பாவில் ஒரு சுற்று சுற்றினால் பாதி பானட்டுக்குப் போதும். பூசியது கண்ணுக்கு மங்கலாகத் தெரிய வேண்டுமே தவிர, வெள்ளையாகத் தெரியக் கூடாது. கனமாகப் பூசினால் பாதுகாப்பு அதிகமாகாது, துடைக்கத்தான் கை வலிக்கும்.

கோயம்புத்தூரில் ஐந்து நிமிடத்தில் காய்வது இங்கே இருபது நிமிடம்கூட எடுக்கும். கடிகாரத்தைப் பார்க்காமல் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், இழுகினால் பொறுங்கள். காரை இரண்டு மூன்று பேனலாகப் பிரித்துச் செய்வது நல்லது, நடுவில் மஞ்சு வந்தாலும் நஷ்டம் குறைவு. வந்துவிட்டால் பூசியதை உடனே துடைத்தெடுத்துவிடுங்கள். திட்டுத் திட்டாக நின்றுபோனால், மறுநாள் அதே வாக்ஸை மெல்லிசாக மேலே தடவித் துடைத்தால் பழையதும் இளகி வந்துவிடும். பிரேக் டிஸ்க், டயர் தரையைத் தொடும் பகுதி, முன் கண்ணாடி ஆகிய மூன்றிலும் வாக்ஸ் படக்கூடாது.

எந்த மாதம் என்பது ஊரைப் பொறுத்தது. கூடலூர், தேவாலா, அவலாஞ்சி, குந்தா பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், மே கடைசிக்குள் போட்டுவிடுங்கள். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் பெரிது, செப்டம்பரில் ஒரு முறை. ஊட்டிக்கு இரண்டும் வேண்டும். வாக்ஸ் இருக்கிறதா என்று மழையே சொல்லிவிடும்: தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் இருக்கிறது, தாள் போலப் படர்ந்து நின்றால் போய்விட்டது.

டிசம்பர், ஜனவரியில் காந்தல், தலைக்குந்தா போன்ற இடங்களில் உறைபனி விழும். மாலையில் கழுவினால் பீடிங்கில் நின்ற நீர் உறைந்து கதவு ஒட்டிக்கொள்ளும், பலமாக இழுத்தால் ரப்பர் கிழியும். பீடிங்கில் முன்கூட்டியே சிலிக்கான் ஸ்பிரே தடவி வையுங்கள். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடலாம், டிஃபாகரைப் போட்டுக் காத்திருங்கள். நனைந்த காருக்குக் கவர் போடுவதும் கெடுதல். ஈரம் அடைபட்டுப் பெயின்ட் கொப்பளிக்கும், காற்றில் கவர் அசைந்து கோடும் போடும்.

டவல்களைத் தனியாகக் கொஞ்சம் திரவ சோப்பில் துவையுங்கள், ஃபேப்ரிக் கண்டிஷனர் சேர்த்தால் ஈரம் உறிஞ்சாமல் போகும். மழைக்காலத்தில் வெளியே கொடியில் போட்டால் இரண்டு நாளானாலும் காயாமல் வாடை அடிக்கும், சமையலறையில் அடுப்புக்குத் தள்ளிக் காயவையுங்கள். தரையில் விழுந்த டவல் இனி ரிம்முக்குத்தான்.