வாரன்டி காரில் அதே பழுது திரும்பத் திரும்ப வந்தால்: ஜாப் கார்டிலிருந்து நுகர்வோர் ஆணையம் வரை

வீடு கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம். கார் வாங்கியது கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ. முதல் சர்வீஸ் அங்கே, அடுத்தது பாலக்காட்டில். கேரள-தமிழ்நாடு எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இது சாதாரணம். கார் ஒழுங்காக ஓடும்வரை இதில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் கிளட்ச் பிரச்சனையோ இன்ஜின் லைட்டோ மூன்றாவது முறை வரும்போது, கோவையில் "எங்களிடம் இதுதானே முதல் தடவை" என்பார்கள், பாலக்காட்டில் "வாங்கின இடத்திலேயே கேளுங்கள்" என்பார்கள்.

இரண்டையும் ஏற்றுக்கொண்டு திரும்பி வர வேண்டாம். வாரன்டி கொடுப்பது கார் கம்பெனி. அங்கீகாரம் பெற்ற எந்த சர்வீஸ் சென்டரிலும் அது செல்லும் என்றுதான் வாரன்டி புத்தகத்தில் பொதுவாக இருக்கும். அந்தப் பக்கத்தை முதலில் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை தடவை பழுதானால் புது கார் கொடுத்தே ஆக வேண்டும் என்று எண்ணிக்கை வைத்த சட்டம் அமெரிக்க மாநிலங்களில் உண்டு, இந்தியாவில் இல்லை. நமக்கு இருப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் காகிதத்தைப் பொறுத்தது.

படி 1: ஜாப் கார்டு

வண்டியை சர்வீஸுக்கு விடும்போது உங்கள் புகாரை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள்தான் ஜாப் கார்டு. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்வதானால், அதைச் சரியாக எழுத வையுங்கள். நீங்கள் தமிழில் "நெல்லியாம்பதி ஏற்றத்தில் இரண்டாவது கியரில் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது" என்று சொல்வீர்கள். சர்வீஸ் அட்வைசர் ஆங்கிலத்தில் "ஜெனரல் செக்கப்" என்று எழுதிவிடுவார். ஓராண்டு கழித்து உங்கள் புகாருக்கு வேறு சாட்சி இருக்காது. எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த கியர், எந்த வேகம், ஏற்றமா சமதளமா, இன்ஜின் சூடான பிறகா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். "முன்பு வேறு சென்டரில் இதே பழுதுக்குக் கொடுத்தது" என்ற வரியும், தேதியும், கிலோமீட்டர் ரீடிங்கும் சேரட்டும். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போதும் அப்படித்தான். ஓட்டிப் பார்க்காமல் "திருப்தி" என்ற இடத்தில் கையெழுத்து வேண்டாம். பழுது போகவில்லை என்றால் அங்கேயே அதை எழுதுங்கள். ஒரு ரூபாய் கூட வாங்காத வேலைக்கும் பில் கேட்டு வாங்குங்கள். எந்த பாகத்தை மாற்றினார்கள், எந்த மென்பொருளைப் புதுப்பித்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். இரண்டு மாநிலத்துக் காகிதங்களும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் இருந்தால் "முதல் தடவை" என்ற பேச்சுக்கே இடமில்லை.

பழுதை வீடியோ எடுத்தால், எடுத்த போனிலேயே அசல் கோப்பை வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அசலை அழித்துவிடக் கூடாது.

வெளியே ஹாரன், லைட் மாற்ற வயரை வெட்டியிருந்தால் மின்சாரப் பழுதுக்கு வாரன்டி இல்லை என்று சொல்ல வழி கொடுத்ததாகிவிடும். வாரன்டி முடியும்வரை அதைத் தவிருங்கள்.

படி 2: கம்பெனிக்கே எழுதுங்கள்

டீலரோடு நிறுத்தாதீர்கள். 2021-ல் டாடா மோட்டார்ஸ் தொடர்பான வழக்கு ஒன்றில், டீலர் செய்த தவறு உற்பத்தியாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே வாரன்டி காலம் முடிவதற்குள் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சலும், ஸ்பீடு போஸ்ட்டில் கடிதமும் போகட்டும். எல்லா ஜாப் கார்டு எண்களையும் குறிப்பிட்டு, 15 நாள் கெடு கொடுங்கள்.

படி 3: 1915

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பல கம்பெனிகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. காத்திருந்து காலத்தைக் கடத்தாதீர்கள்: வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும்.

படி 4: எந்த ஊரில் வழக்கு?

எல்லையோர மக்களுக்குச் சட்டம் செய்த பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. பழைய 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்துக்கோ, பிரச்சனை எழுந்த இடத்துக்கோதான் போக வேண்டும். இப்போது 34-வது பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ தாக்கல் செய்யலாம். கார் கோவையில் வாங்கியதாக இருந்தாலும், கொழிஞ்சாம்பாறைக்காரர் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். முகவரிச் சான்று இணைத்தால் போதும். டீலர் இருக்கும் கோவையும் செல்லும். என்னைக் கேட்டால், வாய்தாவுக்கு எந்த ஊருக்குப் போய்வர எளிதோ அதைத் தேர்ந்தெடுங்கள். பாலக்காடு என்றால் தமிழ்க் காகிதங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேருங்கள்.

50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய காருக்கு மாவட்ட ஆணையம். கட்டணம்: 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை ரூ.200, 20 லட்சம் வரை ரூ.400; 50 லட்சம் வரை ரூ.1,000. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. சொந்தப் பிழைப்புக்காக டாக்ஸி ஓட்டுபவரும் நுகர்வோர்தான், தயங்க வேண்டாம்.

படி 5: என்ன கேட்பது?

டீலர், கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். "புது கார் வேண்டும்" என்று மட்டும் எழுதுவது ஆபத்து. 2006-ல் மாருதி உத்யோக் வழக்கில், பழுதான பாகத்தை மாற்றிச் சரிசெய்ய முடியும்போது முழு வண்டியையும் மாற்றித்தர உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதனால் படிப்படியாகக் கேளுங்கள்: பணத்தை வட்டியோடு திருப்பித் தருவது, அல்லது கார் மாற்றம், அதுவும் இல்லையென்றால் பழுதை முழுமையாக நீக்கி வாரன்டி நீட்டிப்பு. இழப்பீடும் வழக்குச் செலவும் தனியாக.

படி 6: நிபுணர்

தயாரிப்பிலேயே குறை என்றால் நிரூபிக்கும் பொறுப்பு பெரும்பாலும் நம் தலையில்தான். வண்டியை நிபுணர் பார்வைக்கு அனுப்பும்படி தொடக்கத்திலேயே தனி மனு போடுங்கள். பரிசோதனைக் கட்டணத்தை நம்மைக் கட்டச் சொல்லலாம். பரிசோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் கூடுதலாகும். அதுவரை வண்டியை ஓட்டினால் அந்தக் கிலோமீட்டரையே காட்டி "நன்றாகத்தானே ஓடுகிறது" என்பார்கள். பிரேக், ஸ்டீயரிங் போன்ற பழுது என்றால் ஓட்டவே ஓட்டாதீர்கள். சர்வீஸ் சென்டரில் விட்டு ஒப்புகை வாங்குங்கள்.

தீர்ப்பு சாதகமாக வந்தால் எதிர்த்தரப்புக்கு மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு, அதற்கு உத்தரவான தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இழுத்தால், அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். 72-வது பிரிவில் சிறைத் தண்டனைக்கே இடம் உண்டு.