பூட்டு பூட்டியபடியே இருந்தது

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு ஜெலுத்தோங் வீட்டுக்குத் திரும்பினால், பின்பக்க ஸ்லைடிங் கதவு கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை! கதவை அப்படியே மேலே தூக்கிக் கழற்றியிருக்கிறான். உண்டியல் போயிற்று. போலீஸில் ரிப்போர்ட் கொடுத்தேன், சரி.

அப்புறம்தான் கவனித்தேன். கதவை மாட்டுவதற்காக மேல் சட்டத்தில் விடும் இடைவெளிதான் திருடனுக்கும் வழி. கதவைத் திறந்துவைத்து, மூடினால் அது நிற்கும் இடத்துக்கு நேர்மேலே மூன்று திருகாணிகளை முடுக்கினேன். தலை மட்டும் கீழே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், கதவில் உரசக் கூடாது. முதல் தடவை உரசியது, அரைச்சுற்று உள்ளே முடுக்கினேன். இப்போது கதவு நகரும், தூக்க வராது.

மூடிய கதவு நகராதபடி கீழ்த் தடத்தில் அளவாக அறுத்த துடைப்பக்கட்டை ஒன்று. அம்மாவுக்குத்தான் துடைப்பம் போன வருத்தம்.