பைக்ஸ் பீக் உச்சிக்கு முதல் ஓட்டம்: 4,302 மீட்டருக்கு உடம்பைப் பழக்குவது எப்படி?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மானிட்டூ ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அதன் மேற்கு ஓரத்தில் பார் ட்ரெயில் என்ற மலைப்பாதை தொடங்குகிறது. அங்கிருந்து பைக்ஸ் பீக் சிகரத்தின் உச்சிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். தொடங்கும் இடமே சுமார் 2,000 மீட்டர் உயரம், உச்சி 4,302 மீட்டர். ஆகச் சராசரியாக ஒவ்வொரு 100 மீட்டர் தூரத்துக்கும் 11 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கயிறு தேவையில்லை, பாறையைப் பற்றி ஏறும் இடமும் கிடையாது. பாதை தெளிவாக இருக்கும். உயரமான சிகரத்துக்கு முதன்முறையாக ஓட நினைப்பவர்களுக்கு நான் இந்த மலையைத்தான் சொல்வேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஓட்டத்தில் வேகம் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். மூச்சு இரைக்காத அளவில் தன்னை அடக்கி வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்தான் மேலே போய்ச் சேருகிறார். கீழே சொல்லியிருக்கும் எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

உயரத்தில் என்ன நடக்கிறது

மேலே போகப் போக ஆக்சிஜன் குறைகிறது என்று சொல்வோம். உண்மையில் காற்றில் அதன் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். பைக்ஸ் பீக் உச்சியில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 1,500 மீட்டருக்கு மேல், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடம்பின் உச்சபட்ச உழைப்புத் திறன் ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது என்று ஒரு பொதுவான கணக்கு உண்டு. அதன்படி உச்சியில் உங்களிடம் இருப்பது முக்கால் பங்கு திறன்தான். சமதளத்தில் பழகிய வேகத்தை அங்கே எதிர்பார்த்தால் உடம்பு ஒத்துழைக்காது.

முதல் படி: நான்கு மாதப் பயிற்சி

நிற்காமல் 10 கிலோமீட்டர் ஓட வருமா? வரும் என்றால் இன்றே தொடங்கலாம். இதய நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்றவை இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

வாரத்தில் மூன்று நாள் சாதாரண ஓட்டம், ஒரு நாள் மேடு ஏறும் பயிற்சி போதும். மேட்டுப் பயிற்சியை ஓடிய தூரத்தால் அளக்காமல் ஏறிய உயரத்தால் அளந்து பழகுங்கள். முதல் வாரம் மொத்தமாக 300 மீட்டர் ஏறினால் போதும். மெல்ல மெல்லக் கூட்டி மூன்றாவது மாத முடிவில் 1,000 மீட்டரைத் தொட்டுவிடுங்கள். பக்கத்தில் மலை இல்லையா? அடுக்குமாடிப் படிக்கட்டோ, ட்ரெட்மில்லை 12 சதவீதச் சரிவில் வைத்து ஒரு மணி நேரம் நடப்பதோ நன்றாகவே கைகொடுக்கும். மாதம் இரண்டு முறை நீண்ட நாள் ஒன்று வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் தொடங்கி ஐந்து மணி நேரம் வரை கொண்டுபோங்கள்.

பாதை தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே மானிட்டூ இன்க்ளைன் இருக்கிறது. பழைய மலை ரயில் தடத்தில் அமைந்த படிக்கட்டு அது. சுமார் 2,700 படிகள், ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் 600 மீட்டர் ஏற்றம். உள்ளூர் ஓட்டக்காரர்களுக்கு அதுதான் உடற்பயிற்சிக் கூடம். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

இரண்டாம் படி: வேகமாக நடக்கப் பழகுங்கள்

புதியவர்கள் நடப்பதை ஒரு தோல்வி போல நினைக்கிறார்கள். அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் ஓடுவதற்கும் வேகமாக நடப்பதற்கும் நேர வித்தியாசம் மிகக் குறைவு, களைப்பில்தான் பெரிய வித்தியாசம். போட்டிகளில் முன்னணியில் வருபவர்கள்கூடச் செங்குத்தான இடங்களில் நடக்கிறார்கள்.

நடக்கும்போது உடம்பை இடுப்பிலிருந்து லேசாக முன்னால் சாய்க்க வேண்டும், முதுகு வளையக் கூடாது. உள்ளங்கையை முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் வைத்து, அந்தக் கால் ஊன்றும்போது கையால் அழுத்துங்கள். அடி சின்னதாக இருக்கட்டும். பாதம் முழுவதும் தரையில் படட்டும். நுனிக்காலிலேயே ஏறினால் கெண்டைக்கால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

எப்போது ஓட்டத்திலிருந்து நடைக்கு மாறுவது? இதற்குக் கடிகாரத்தை விட நல்ல அளவுகோல் வாய்தான். உங்கள் வீட்டு முகவரியைக் கதவு எண்ணிலிருந்து அஞ்சல் எண் வரை உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரே மூச்சில் முடிந்தால் அதே வேகத்தில் போகலாம். தெருப் பெயரிலேயே மூச்சு அறுந்தால் நடைக்கு மாறுங்கள், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் வேகத்தைக் குறையுங்கள். உச்சி வரைக்கும் இந்த ஒரு சோதனை போதும்.

மூன்றாம் படி: உயரத்துக்கு உடம்பைப் பழக்குவது

நான் டென்வரில் இருக்கிறேன், 1,600 மீட்டர். அந்த உயரத்திலேயே வாழ்வதால் பழகிவிட்டேன் என்று நம்பி முதல் முறை நேரே போனேன். 3,600 மீட்டரில் தலை வெடிப்பது போல வலித்தது, குமட்டியது, திரும்பி வந்தேன். 1,600க்குப் பழகிய உடம்பு 4,300க்குப் பழகியதாகாது.

அடுத்த வருடம் ஒழுங்காகச் செய்தேன். ஓட்டத்துக்கு முந்தைய ஆறு வாரங்களில் நான்கு வார இறுதிகளில் 3,000 மீட்டருக்கு மேலே போய் மூன்று நான்கு மணி நேரம் நடந்தேன். இரண்டு இரவு உயரமான இடத்தில் தங்கினேன். வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

வெளியூரிலிருந்து வருபவர்கள் முடிந்தால் இரண்டு வாரம் முன்பே வருவது நல்லது. அவ்வளவு நாள் கிடைக்காதவர்கள் நான்கைந்து நாளாவது 2,000 முதல் 2,500 மீட்டரில் தங்குங்கள். முதல் இரண்டு நாள் கடினமாக எதுவும் செய்ய வேண்டாம். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. மதுவைத் தவிர்த்துவிடுங்கள். உயர நோய்க்கு முன்கூட்டியே எடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை உண்டு, அதை மருத்துவர் சொன்னால் மட்டும் எடுங்கள்.

நான்காம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். கீழே 25 டிகிரி இருந்தால் உச்சியில் 10 டிகிரிதான், அதோடு காற்று வேறு. ஆகவே காற்றும் மழையும் புகாத மெல்லிய மேல்சட்டை, கையுறை, காதை மூடும் தொப்பி மூன்றையும் ஜூலை மாதத்திலும் எடுத்துப் போங்கள். புற ஊதாக் கதிரும் உயரத்தோடு கூடும் என்பதால் குளிர்க்கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் வேண்டும். ஷூவின் அடிப்பகுதியில் 4, 5 மில்லிமீட்டர் ஆழப் பற்கள் இருந்தால் போதும்.

தண்ணீர் இரண்டு லிட்டர். நடுவழியில் உள்ள பார் கேம்ப்பில் ஓடைத் தண்ணீர் கிடைக்கும், வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். அதற்கு மேலே உச்சி வரைக்கும் தண்ணீரை நம்பாதீர்கள்.

சாப்பாட்டில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு. ஜெல்தான் என்றில்லை. நான் இந்தியக் கடையில் கடலை மிட்டாய் வாங்கிப் போகிறேன். 3,600 மீட்டரில் பையைத் திறந்தபோது அந்தப் பிளாஸ்டிக் பொட்டலம் தலையணை மாதிரி உப்பி, ஓரங்கள் விறைத்து நின்றது. வெளியே அழுத்தம் குறைந்ததால் உள்ளே இருந்த காற்று விரிந்துவிட்டது. குளிரில் மரத்த விரலால் அதைப் பிரிக்கவே முடியவில்லை, கடைசியில் பல்லால் கிழித்தேன். அதிலிருந்து எல்லாவற்றையும் கீழேயே பிரித்து, கையுறையோடு எடுக்க வருகிற மாதிரி சின்னத் துணிப்பையில் போட்டுக்கொள்கிறேன். உயரத்தில் பசி செத்துவிடும். பசிக்கும் வரை காத்திருக்காமல் தொடங்கிய அரை மணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: ஓடும் நாள்

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை நல்ல காலம். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் மதியம் இடி மின்னல் கிட்டத்தட்டத் தினசரி வேலை. மரங்கள் முடிந்த பிறகு அங்கே ஒதுங்க இடமே கிடையாது. அதனால் தலைவிளக்கோடு அதிகாலை 4 அல்லது 4.30க்குத் தொடங்குங்கள். புதியவருக்கு ஏற ஐந்து முதல் ஆறரை மணி நேரம் ஆகும். ‘காலை 11 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவேன்’ என்று கிளம்பும் முன்பே வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். 1806 நவம்பரில் இந்த மலையின் பெயருக்குக் காரணமான செபுலன் பைக்கே, பனியில் மேலே போக முடியாமல் திரும்பியவர்தான்.

முதல் ஐந்து கிலோமீட்டர்தான் பாதி பேரைக் கவிழ்க்கும் இடம். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், உள்ளூர்க்காரர்கள் அதை டபிள்யூ வளைவுகள் என்கிறார்கள். கால் புதுசு, காற்றும் பரவாயில்லை, ஓடிவிடலாம் என்று தோன்றும். நான் முதல் முறை அங்கேதான் என் பலத்தைக் கரைத்தேன். இரண்டாம் முறை இந்தப் பகுதியை முழுவதும் நடந்தே கடந்தேன், பலர் என்னைத் தாண்டிப் போனார்கள், மேலே அவர்களில் சிலரை உட்கார்ந்த நிலையில் பார்த்தேன்.

அதன் பிறகு பாதை கொஞ்சம் தணிகிறது. பைன் மரங்களுக்கு நடுவே ஓடக்கூடிய மண் பாதை. ஓட வேண்டிய இடம் இதுதான். அப்புறம் பார் கேம்ப், சுமார் 3,100 மீட்டர். இந்தப் பாதையை அமைத்த ஃபிரெட் பார் 1920களில் கட்டிய மரக்குடில் இது. இங்கே பத்து நிமிடம் நின்று தண்ணீர் நிரப்பி, சாப்பிட்டு, வானத்தைப் பாருங்கள்.

அடுத்து வருவது ஏ-ஃபிரேம் என்ற முக்கோணக் கூரைத் தங்குமிடம், சுமார் 3,640 மீட்டர். மரங்கள் அங்கே முடிகின்றன. உச்சி தலைக்கு மேலேயே தெரியும், ஆனால் இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருக்கிறது. இங்கிருந்து தரை முழுக்க இளஞ்சிவப்புக் கருங்கல் பரல், கோலிகுண்டு மாதிரி காலுக்கடியில் உருளும். இங்கே நான் நூறு அடி நடப்பேன், ஐந்து ஆழ்ந்த மூச்சு நின்று இழுப்பேன், மறுபடி நூறு. கடைசியில் ‘பதினாறு பொற்படிகள்’ என்று பெயர் பெற்ற பாறை வளைவுகள். படி உயரமாக இருக்கும், கையை ஊன்றி நிதானமாக ஏறுங்கள்.

உச்சியில் உணவகம், கழிப்பறை, தண்ணீர் எல்லாம் உண்டு. அங்கே போடும் டோனட்டுக்குத் தனிச் செய்முறையே இருக்கிறது. தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும் உயரம் அது.

இந்தப் பாதையில் நடக்கும் போட்டியில் 1993இல் மாட் கார்பென்டர் 2 மணி 1 நிமிடம் 6 வினாடியில் ஏறினார். முப்பது வருடம் நின்ற அந்தச் சாதனையை 2023இல் ரெமி பொனே 2:00:20க்குக் குறைத்தார். எனக்கு அவர்களை விடப் பிடித்தவர் ஆர்லீன் பைப்பர். 1959இல் உச்சிக்கு ஏறி இறங்கும் முழு மராத்தானை முடித்தார். உச்சி வரைக்கும் ஒன்பது வயது மகளும் கூட வந்தாள். அமெரிக்காவில் மராத்தான் முடித்த முதல் பெண் என்று அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. அவர் எடுத்துக்கொண்டது 9 மணி 16 நிமிடம்.

ஆறாம் படி: எப்போது திரும்ப வேண்டும்

லேசான தலைவலி சகஜம். உட்கார்ந்து, குடித்து, சாப்பிட்டு இருபது நிமிடத்தில் குறைந்தால் மெதுவாகத் தொடரலாம். தலைவலியோடு வாந்தி, தலைசுற்றல் சேர்ந்தால் மேலே ஒரு அடி கூட வைக்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். கூட வருபவர்மேல் சந்தேகம் வந்தால், நேர்கோட்டில் குதிகாலை நுனிக்காலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ மூளை வீங்குகிறது. இரண்டுமே உயிருக்கு ஆபத்து. உடனே கீழே இறக்கி, அவசர உதவியை அழையுங்கள். தனியாக விடவே கூடாது.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குள் இருந்தால் புயல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உச்சி நூறு மீட்டரில் தெரிந்தாலும் சரி, மரங்களுக்குள் இறங்கிவிடுங்கள்.

ஏழாம் படி: இறக்கம்

முதல் முறை ஏறுவதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். உச்சிக்குக் கார் சாலை இருக்கிறது, நண்பரை வரச் சொல்லிவிடுங்கள். பல்சக்கர ரயிலும் உண்டு, கீழே வர இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

நடந்தோ ஓடியோ இறங்குவதாக இருந்தால் தொடைத் தசைக்குத்தான் அடி. நீண்டபடியே பாரம் தாங்குவதால் இரண்டு நாள் கழித்து மாடிப்படி இறங்கவே வலிக்கும். பயிற்சியிலேயே இறக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் இது பாதியாகக் குறையும். அடியைச் சுருக்கி, முழங்காலை லேசாக மடக்கி, பார்வையை மூன்று மீட்டர் முன்னால் வையுங்கள். பரலில் பின்னால் சாய்ந்தால்தான் சறுக்கும்.

ஏறி வருபவர்களுக்கு ஒதுங்கி வழி விடுங்கள். ‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்று கேட்பார்கள். ‘இதோ வந்துவிட்டது’ என்று சொல்லாதீர்கள். அந்த உயரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் கூட ஆகலாம். சரியான தூரத்தைச் சொல்லுங்கள், மேலே வானம் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.