நீரின் வழியை மாற்றும் பாலிமர் நுண்கோளங்கள்: முதல் சோதனையைச் செய்வது எப்படி?

எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரட்டும் என்று நிலத்தடி எண்ணெய்ப் பாறைப் படுகைக்குள் தண்ணீரைச் செலுத்துகிறோம். அதுவோ பெரிய துளைகள் வழியாகவே ஓடிவிடுகிறது. சிறு துளைகளில் எண்ணெய் அப்படியே தங்கிவிடுகிறது. சிறிதாக நுழைந்து, ஆழத்தில் ஊதிப் பெருத்து, அந்த ஓட்டப்பாதையை அடைப்பதுதான் பாலிமர் நுண்கோளத்தின் வேலை. இவை பெரும்பாலும் பாலிஅக்ரிலமைடு வகை. முதல் சோதனைக்குத் தயாராகக் கிடைக்கும் கோளங்களையே வாங்குங்கள். மூலப்பொருளான அக்ரிலமைடு நரம்பைத் தாக்கும் நஞ்சு.

படி 1: அளவு

பாறையின் ஊடுருவுதன்மையை (அதன் வழியே நீர்மம் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதை) மில்லிடார்சி என்ற அலகில் எடுத்து வர்க்கமூலம் கண்டால், துளையின் அளவு தோராயமாக மைக்ரானில் வரும். 400 மில்லிடார்சி என்றால் 20 மைக்ரான். அதில் ஏழில் ஒரு பங்குக்குக் குறைவான கோளம் நழுவிப் போகும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது துளைவாயில் சிக்கும். ஆக, 2.8 மைக்ரானில் நுழைந்து 7 மைக்ரானாக வேண்டும். விட்டம் இரண்டரை மடங்குதான், ஆனால் கன அளவு 15 மடங்குக்கும் மேல்!

படி 2: ஊறவைத்தல்

இதில் அவசரமே வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். பாலிமர் இழைகளிலுள்ள எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால்தான் கோளம் நன்றாக விரிகிறது. உப்பு அந்தத் தள்ளலை மறைத்துவிடும், கால்சியம் இன்னும் மோசம். அதனால் அந்தப் படுகையின் உப்புநீரிலேயே, அதன் வெப்பநிலையிலேயே, மூடிய குப்பியில் வையுங்கள். தினமும் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் 100 கோளங்களையாவது அளந்து குறியுங்கள். ஊறிய கோளம் தண்ணீர் போலவே தெளிவாகிவிடும், கண்ணுக்கே தெரியாது. நுண்ணோக்கியின் ஒளித்திறப்பைக் கொஞ்சம் சுருக்கினால் மெல்லிய வளையமாக விளிம்பு தெரியும்.

படி 3: மணல் குழாய்

பாறைக்குப் பதிலாக மணல் அடைத்த குழாயை எடுத்து, அதன் நுழைவாயிலில் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு அழுத்தமானிகள் பொருத்துங்கள். முதலில் உப்புநீரைச் சீரான வேகத்தில் செலுத்தி அழுத்தத்தைக் குறியுங்கள். அப்புறம் கோளக் கலவையைச் செலுத்தி, படி 2-இல் கோளங்கள் பெருக்க எடுத்துக்கொண்ட நாட்கள்வரை குழாயை அதே வெப்பநிலையில் மூடி வைத்துவிட்டு, மறுபடி அதே வேகத்தில் உப்புநீர். அழுத்த வேறுபாடு 10 கிலோபாஸ்கலிலிருந்து 50 ஆனால், ஊடுருவுதன்மை ஐந்தில் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம்.

நுழைவாயில் மானி மட்டும் ஏறி, நடுவிலுள்ளது அசையவில்லையா? கோளங்கள் வாசலிலேயே அடைத்துக்கொண்டன. இன்னும் சிறியதை எடுங்கள்.

படி 4: இரட்டைக் குழாய்

பெருமணல் குழாயையும் நுண்மணல் குழாயையும் ஒரே பம்பில் இணையுங்கள். முதலில் பெருமணல் பக்கமே தண்ணீர் கொட்டும். கோளங்கள் பெருத்தபின் நுண்மணல் குழாயின் முனையில் சொட்டுகள் வேகமெடுத்தால் சரி, தண்ணீர் வழி மாறிவிட்டது.