கோப்பை வந்தால் காசு கொட்டுமா? கால்பந்து கிளப் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

"நம்ம டீம் கப் அடிச்சிருச்சு, இனி பணத்துக்குக் கவலையே இல்ல." ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் பார்க்க ராத்திரி ஒன்றரை மணிக்குக் கண் விழித்து உட்காருகிற யாரும் இதை ஒரு தடவையாவது சொல்லியிருப்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். ஜெயித்தால் பணம் வரும், பணம் வந்தால் நல்ல ஆட்டக்காரர்கள் வருவார்கள், அவர்கள் வந்தால் மறுபடி ஜெயிக்கலாம், உலகமெல்லாம் ரசிகர்கள் பெருகுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெற்றியும் பணமும் ரசிகர் கூட்டமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பரிசுப் பணம் சட்டென்று வரும், சட்டென்று நின்றும் போகும். சம்பளம் ஏறினால் எளிதில் இறங்காது. ரசிகர்கள் மெதுவாகத்தான் வருவார்கள், வந்தவர்கள் லேசில் போக மாட்டார்கள். இந்த வேக வித்தியாசத்தை மறந்து பேசுவதால்தான் நம் கணக்கு தப்பாகிறது. கிளப்பை நடத்துகிறவர்களும் இதே தப்பைக் கோடிக்கணக்கில் செய்திருக்கிறார்கள்.

இருப்பதிலேயே மோசமானது, இன்னும் வராத வெற்றியைக் கைக்காசாக எண்ணிச் செலவு செய்வது. இங்கிலாந்துக் கிளப் லீட்ஸ் யுனைட்டெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போன அணி, பெரும்பாலும் இளம் பையன்கள். தடுப்பாட்டக்காரர் ரியோ ஃபெர்டினாண்டை 1.8 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியிருந்தார்கள், பிரிட்டனில் அதுவரை யாரும் கொடுக்காத தொகை அது. ஆனால் அதே சீசனில் இங்கிலாந்து லீக்கில் நான்காம் இடம்தான் கிடைத்தது, மூன்றாவதாக வந்த லிவர்பூலைவிட ஒரே ஒரு புள்ளி குறைவு, அப்போது இங்கிலாந்திலிருந்து மூன்று அணிகளுக்குத்தான் சாம்பியன்ஸ் லீக்கில் இடம். மறு வருடம் ஐந்தாம் இடம். நடுவில், இனி வரப்போகும் டிக்கெட் வசூலைக் காட்டி 6 கோடி பவுண்டு கடன் வேறு வாங்கியாயிற்று. வட்டி நிற்குமா, சம்பளம் நிற்குமா? 2002இல் ஃபெர்டினாண்டை, அதுவும் பரம எதிரியான மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கே சுமார் 3 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் போனார்கள். 2004இல் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கிலிருந்து கீழ் டிவிஷனுக்கு இறக்கம், அதே வருடம் சொந்த மைதானமான எலண்ட் ரோடும் கைமாறியது, 2007இல் மூன்றாம் டிவிஷன். திரும்பி வர 2020 ஆயிற்று. ஐரோப்பாவின் முதல் நாலு அணிகளில் ஒன்றாக நின்றதற்கும் இறங்கியதற்கும் நடுவே மூன்றே வருடம்.

இது பழைய கதை, இப்போது எல்லோரும் உஷாராகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 2016இல் பிரீமியர் லீக் ஜெயித்து உலகத்தையே அசத்திய லெஸ்டர் சிட்டி, கான்டே, மஹ்ரெஸ், மகுவயர் என்று வருடத்துக்கு ஒருவரைப் பெரிய விலைக்கு விற்று நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அப்புறம் சம்பளத்தைச் சாம்பியன்ஸ் லீக் அணி அளவுக்கு ஏற்றினார்கள், ஆனால் 2020, 2021 இரண்டு சீசனிலும் ஐந்தாம் இடத்தில் முடித்து அந்த லீக்கை நூலிழையில் தவறவிட்டார்கள். 2021-22 கணக்கில் 9.25 கோடி பவுண்டு நஷ்டம். 2023இல் கீழே இறங்கியே விட்டார்கள்.

அடுத்தது, வருமானத்தையும் லாபத்தையும் ஒன்றாகப் பார்ப்பது. 2018-19 சீசனில் உலகிலேயே முதல் முறையாக 80 கோடி யூரோ வருமானத்தைத் தாண்டிய கிளப் ஸ்பெயினின் பார்சிலோனா. அந்தச் செய்தியைப் படித்தபோது இனி இவர்களை யாராலும் அசைக்க முடியாது என்றுதான் எனக்கும் தோன்றியது. இரண்டே வருடத்தில், 2021 ஆகஸ்டில், கிளப்பின் கடன் 135 கோடி யூரோ என்று தலைவர் லபோர்ட்டா சொன்னார், வருமானத்தில் நூற்றுக்கு 103 சம்பளத்துக்கே போகிறது என்றார். கொரோனாவால் மைதானம் காலியானது உண்மைதான், ஆனால் அதற்கு முன்பே ஓட்டை விழுந்திருந்தது. 2017இல் நெய்மரை விற்று வந்த 22.2 கோடி யூரோவை டெம்பெலே, கூட்டின்யோ என்று உடனே கொட்டினார்கள். டிரான்ஸ்ஃபர் தொகையை, அதாவது ஆட்டக்காரரை வாங்கி விற்கும் விலையை மட்டும் பார்த்தால் வரவும் செலவும் கிட்டத்தட்ட சரியாகப்போனது போலத் தெரியும். நாம் பார்க்கத் தவறுவது சம்பளத்தை. ஒருவர் வந்தால் நாலைந்து வருட ஒப்பந்தம், ஆட்டம் சரியில்லை என்பதற்காக அதைக் குறைக்க முடியாது, அவருக்கு இவ்வளவு என்றால் எனக்கும் வேண்டும் என்று மற்றவர்களும் கேட்பார்கள். கடைசியில் பார்சிலோனா மடியிலேயே வளர்ந்த மெஸ்ஸியை, அவர் இருக்க விரும்பியும், சம்பளச் சுமையால் லீக்கில் பதிவு செய்ய முடியாமல் அனுப்பினார்கள். அந்தப் பத்திரிகையாளர் சந்திப்பில் அவர் அழுததைப் பார்த்தவர்களுக்குக் கிளப் கணக்கு வெறும் எண் இல்லை என்பது புரியும்.

அதனால் ஒரு கிளப் சாதனை வருமானம் என்று அறிவித்தால், அதில் எத்தனை பங்கு சம்பளத்துக்குப் போகிறது என்று முதலில் தேடுங்கள். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகள் சம்பளம், டிரான்ஸ்ஃபர், ஏஜென்ட் செலவு எல்லாம் சேர்த்து வருமானத்தில் 70 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ இப்போது விதியே வைத்திருக்கிறது.

ஜெர்சி விற்றே நட்சத்திரத்தின் விலையை எடுத்துவிடலாம் என்ற பேச்சு இன்னும் சாகவில்லை. ரொனால்டோ 2018இல் 10 கோடி யூரோவுக்கு இத்தாலியின் யுவென்டஸ் கிளப்புக்கு வந்தபோது இதை எத்தனை பேர் எழுதினார்கள்! பொதுவாக ஜெர்சிப் பணத்தில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும் கம்பெனிக்கும் கடைக்கும் போகும், கிளப்புக்கு ஒவ்வொரு ஜெர்சிக்கும் சிறு பங்குதான். கிளப்புக்கு உண்மையில் காசு வருவது அந்தக் கம்பெனியுடன் அடுத்த ஒப்பந்தம் பேசும்போது. அதே வருட டிசம்பரில் அடிடாஸுடன் யுவென்டஸ் போட்ட புது ஒப்பந்தம் வருடத்துக்கு 5.1 கோடி யூரோ, முன்பு வந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் அவர் இருந்த மூன்று வருடத்தில் சாம்பியன்ஸ் லீக்கில் காலிறுதியைத் தாண்டவில்லை, பங்குதாரர்கள் 2019இலும் 2021இலும் மொத்தம் 70 கோடி யூரோ புதிதாகப் போட வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு. தோற்க ஆரம்பித்தால் உடனே பணம் நின்றுவிடும் என்று நினைப்பது. மான்செஸ்டர் யுனைட்டெட் கடைசியாக லீக் ஜெயித்த 2012-13இல் வருமானம் 36.3 கோடி பவுண்டு. 15ஆம் இடத்தில் முடித்த 2024-25இல் 66.6 கோடி, அவர்கள் வரலாற்றிலேயே அதிகம். ஸ்பான்சர் ஒப்பந்தங்கள் பல வருடத்துக்குப் போடப்படுபவை, பழைய வெற்றியின் வாசனை அவ்வளவு நாள் நிற்கும். ஏழாம் இடத்தில் முடித்த 2014இல்தான் அடிடாஸ் பத்து வருடத்துக்கு 75 கோடி பவுண்டு கொடுக்கச் சம்மதித்தது. ஆனால் அந்தத் தாளிலேயே, தொடர்ந்து இரண்டு சீசன் சாம்பியன்ஸ் லீக்கில் இல்லாவிட்டால் 30 சதவீதம் குறையும் என்றும் எழுதியிருந்தது. சாதனை வருமானம் வந்த அந்த வருடமும் 3.3 கோடி நஷ்டம்தான். அலுவலகத்திலும் மைதானத்திலும் வேலை பார்த்த நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். இதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

சரி, ரசிகர்கள்? 65.9 கோடிப் பேர் எங்களைப் பின்தொடர்கிறார்கள் என்று யுனைட்டெட் 2012இல் ஒரு சர்வேயைக் காட்டியது. இந்த மாதிரி எண்ணைத் தலைக்கு இவ்வளவு என்று காசாக மாற்றிப் பார்க்காதீர்கள். நம்மைப் போல தூரத்தில் இருப்பவர்கள் ஸ்கோர் பார்ப்போம், டிவி சந்தா கட்டுவோம், அந்தப் பணம் ஒளிபரப்பு ஒப்பந்தம் வழியாக எல்லாக் கிளப்புக்கும் பிரிந்துதான் போகும். ஜெயித்தால் உலக ரசிகர்கள் தானாக வருவார்கள் என்பதும் பாதி உண்மைதான். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 1979, 1980 என்று அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்) ஜெயித்தது, அன்றைக்குச் செயற்கைக்கோள் டிவி இல்லை, இன்று நம் ஊரில் ஃபாரஸ்ட் ரசிகரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். லிவர்பூலோ 1990க்குப் பிறகு முப்பது வருடம் லீக் ஜெயிக்காமலே கூட்டத்தைக் காப்பாற்றியது. பக்கத்திலேயே பாருங்கள், சென்னையின் எஃப்சி இரண்டு முறை இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சாம்பியன். மூன்று ஃபைனலில் தோற்ற கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் கூட்டம் அதைவிடப் பெரியது. கால்பந்து அங்கே தெருவிலும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் மைதானத்திலும் முன்பே இருந்தது, கிளப் அதன்மேல் வந்து உட்கார்ந்தது.

உலக ரசிகர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று உள்ளூர்க்காரர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதும் பெரிய தவறு, 2021 ஏப்ரலில் தங்களுக்கென்று தனியாக ஐரோப்பிய சூப்பர் லீக் அறிவித்த 12 கிளப்புகள் செய்தது அதைத்தான். டிவி முன்னால் இருக்கும் கோடிப் பேருக்குப் பெரிய அணிகள் மட்டும் மோதினால் போதும் என்று நினைத்தார்கள். செல்சி மைதானத்துக்கு வெளியே ரசிகர்கள் ரோட்டை மறித்தார்கள், இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்துக் கிளப்புகளும் பின்வாங்கின. லீட்ஸ் மூன்றாம் டிவிஷனில் கிடந்தபோதும் எலண்ட் ரோடுக்குச் சராசரியாக 20 ஆயிரம் பேருக்கு மேல் வந்துகொண்டிருந்தார்கள். சாம்பியன்ஸ் லீக் பணம் நின்று, வாங்கிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் போன பிறகும் அந்தக் கிளப்பின் கதவு திறந்திருந்ததற்கு அவர்கள் வாங்கிய டிக்கெட்டும் ஒரு காரணம்.